நியூயார்க்கில் வீடு வாங்கினால் வாசல் நடைபாதையும் உங்கள் தலையில்தான்: முழுமையான வழிகாட்டி

நம்ம ஊரில் வாசல் தெளித்துக் கோலம் போட்டால் தெருவுக்கும் நமக்கும் உள்ள கணக்கு முடிந்தது. நடைபாதை உடைந்து கிடந்தால் மாநகராட்சியைத் திட்டிவிட்டு ரோட்டில் இறங்கி நடப்போம். அந்த நினைப்போடு நியூயார்க் நகரத்தில் வீடு வாங்குகிறவர்கள் நிறைய பேர். வாங்கி ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ கழித்து, வீட்டு வாசலில் உள்ள கான்கிரீட் சரியில்லை, உங்கள் செலவில் மாற்றுங்கள் என்று போக்குவரத்துத் துறையிடமிருந்து நோட்டீஸ் வரும்போதுதான் விழிக்கிறார்கள். நிலம் நகரத்துடையது, நடப்பது ஊர் ஜனம், செலவு மட்டும் நம்முடையதா என்று கோபம் வரும். நியாயமான கோபம்தான், ஆனால் சட்டம் அப்படித்தான் இருக்கிறது.

இந்த வழிகாட்டி நியூயார்க் நகரத்தின் ஐந்து பகுதிகளுக்கும் பொருந்தும்: குவீன்ஸ், புரூக்ளின், பிராங்க்ஸ், மன்ஹாட்டன், ஸ்டேட்டன் தீவு. லாங் ஐலண்டில் ஹிக்ஸ்வில் பக்கம் இருப்பவர்களுக்கு அவரவர் டவுன், வில்லேஜ் விதிகள் தனி. நியூஜெர்சிக்காரர்களுக்குக் கடைசியில் கொஞ்சம் எழுதியிருக்கிறேன்.

முதல் படி: நீங்கள் எந்த வகை உரிமையாளர் என்று கண்டுபிடியுங்கள்

எல்லாரும் குழம்புகிற இடம் இதுதான், அதனால் இதை நிதானமாகப் படியுங்கள். இங்கே இரண்டு தனித்தனிச் சட்டங்கள் இருக்கின்றன. ஒன்று, ரிப்பேர் செய்வது யார் பொறுப்பு என்பது. இன்னொன்று, யாராவது விழுந்து அடிபட்டால் நஷ்ட ஈடு யார் தலையில் என்பது. இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு, "நமக்கு விலக்கு இருக்கு, கவலையில்லை" என்று சொல்பவர்களை எந்தப் பார்ட்டியிலும் பார்க்கலாம்.

ரிப்பேர் பற்றியது நகர நிர்வாகச் சட்டத் தொகுப்பின் 19-152ஆம் பிரிவு. சொத்துக்கு முன்னாலும் பக்கவாட்டிலும் ஒட்டியிருக்கும் நடைபாதையை உரிமையாளர் தன் செலவில் போட வேண்டும், பழுது பார்க்க வேண்டும். இதில் சொந்த வீடு, வாடகை வீடு, கடை, கோயில் என்று பேதம் கிடையாது. கார்னர் வீடு வைத்திருப்பவர்களுக்கு இரண்டு பக்கமும் பொறுப்பு, மூலைச் சதுரமும் சேர்த்து. கார்னர் வீடு வெளிச்சமாக இருக்கும் என்று ஆசைப்படுகிறவர்கள் இந்த நீளத்தையும் அளந்துவிட்டு ஆசைப்படுவது நல்லது.

நஷ்ட ஈடு பற்றியது 7-210ஆம் பிரிவு. இது 2003 செப்டம்பர் 14 முதல் அமலில் இருக்கிறது. அதற்கு முன்னால் நடைபாதையில் விழுந்தவர்கள் பெரும்பாலும் நகரத்தின் மேல்தான் வழக்குப் போடுவார்கள். அதில் ஒரு வேடிக்கையான கட்டம் உண்டு. குறையைப் பற்றி முன்கூட்டியே எழுத்தில் தகவல் வந்திருந்தால்தான் நகரம் பொறுப்பாகும் என்று ஒரு விதி கொண்டுவந்தார்கள், வழக்குகள் குறையும் என்று. வழக்கறிஞர்கள் சும்மா இருப்பார்களா? 1982இல் தங்கள் சங்கத்தின் சார்பில் 'பிக் ஆப்பிள்' என்ற பெயரில் ஒரு அமைப்பையே தொடங்கி, ஆட்களை அனுப்பித் தெருத் தெருவாக ஒவ்வொரு விரிசலையும் பள்ளத்தையும் வரைபடத்தில் குறித்து, அதை நகரத்திடம் தாக்கல் செய்துவிட்டார்கள். எழுத்தில் தகவல் கொடுத்தாச்சு! கடைசியில் 2003இல் நகரம் பொறுப்பைத் தூக்கிப் பக்கத்துச் சொத்துக்காரர்கள் மேல் வைத்தது.

ஆனால் அதில் ஒரு விலக்கு வைத்தார்கள். ஒன்று, இரண்டு அல்லது மூன்று குடும்ப வீடாக இருந்து, அதன் ஒரு பகுதியிலாவது உரிமையாளர் குடியிருந்து, முழுக்க முழுக்கக் குடியிருப்புக்காக மட்டும் பயன்பட்டால், 7-210 அந்த வீட்டுக்குப் பொருந்தாது. மூன்று நிபந்தனையும் சேர்ந்தே இருக்க வேண்டும். உங்கள் நிலைமையை இப்படிப் பொருத்திப் பாருங்கள்:

- இரண்டு குடும்ப வீடு, மாடியில் நீங்கள், கீழே வாடகைக்கு ஆள்: விலக்கு உண்டு.
- அதே வீடு, பிள்ளைகள் படிப்புக்காக நீங்கள் நியூஜெர்சியில் எடிசன் பக்கம் குடிபோய்விட்டு இரண்டு தளத்தையும் வாடகைக்கு விட்டிருக்கிறீர்கள்: விலக்கு போய்விட்டது. வீடு அதேதான், ஆனால் குடிபெயர்ந்ததுமே பொறுப்பு மாறிவிடுகிறது, யாரும் வந்து சொல்ல மாட்டார்கள்.
- கீழே கடை, மேலே நீங்கள்: விலக்கு இல்லை.
- நான்கு குடும்ப வீடு: நீங்களே குடியிருந்தாலும் இல்லை.
- கோஆப், காண்டோ (பல வீடுகள் உள்ள கட்டிடத்தில் பங்காகவோ தனி வீடாகவோ வாங்கியது): கட்டிட நிர்வாகம் பார்த்துக்கொள்ளும், ஆனால் காசு உங்கள் மாதாந்திரக் கட்டணத்திலிருந்துதான் போகும். கூட்டத்தில் நடைபாதை பற்றிப் பேசும்போது தூங்காதீர்கள்.

விலக்கு இருக்கிறவர்களும் முழுசாகத் தப்பிவிட முடியாது. 7-210 பொருந்தாவிட்டாலும் பழைய பொதுச் சட்டம் பொருந்தும். குறையை நீங்களே உண்டாக்கியிருந்தால், அதாவது ஆள் வைத்து மோசமாக ரிப்பேர் செய்து மேடாக்கியிருந்தால், பொறுப்பு உங்களுடையது. ட்ரைவ்வே வைத்திருந்தால், உங்கள் கார் ஏறி இறங்கும் அந்த நடைபாதைப் பகுதியை நீங்கள் தனிப்பட்ட வசதிக்காகப் பயன்படுத்துகிறீர்கள், அதனால் அங்கே கார் ஏறி உடைந்ததற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும் என்று வழக்கறிஞர் வாதாடுவார். குவீன்ஸில் ட்ரைவ்வே இல்லாத தனி வீடு எத்தனை இருக்கிறது, நீங்களே யோசியுங்கள்.

இரண்டாம் படி: ஸ்கேலை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போங்கள்

நோட்டீஸ் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பனிக்காலம் முடிந்து மண் இளகிய பிறகு, ஏப்ரல் வாக்கில் ஒரு சுற்றுப் பார்ப்பது சரியான நேரம். விரிசலுக்குள் இறங்கிய தண்ணீர் உறைந்து விரிந்து, உருகி, திரும்ப உறைந்து கான்கிரீட்டைத் தூக்கிப் போட்டிருக்கும். நவம்பரில் பார்த்த நடைபாதை ஏப்ரலில் அப்படியே இருக்கும் என்று நம்பாதீர்கள்.

நியூயார்க் நடைபாதை பெரும்பாலும் 5 அடிக்கு 5 அடி சதுரக் கட்டங்களாக இருக்கும். ஒவ்வொரு கட்டமாகப் பாருங்கள். முக்கியமான அளவு அரை அங்குலம். பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களுக்கு இடையே உயர வித்தியாசம் அரை அங்குலமோ அதற்கு மேலோ இருந்தால் அது தடுக்கி விழும் குறை என்று சட்டமே சொல்கிறது. ஒரு கட்டத்துக்குள்ளேயே எல்லாப் பக்கமும் ஓர் அங்குலம் விரிந்து அரை அங்குலம் ஆழமான குழி இருந்தாலும் அதே கணக்கு. அரை அங்குலம் என்பது பார்வைக்கு ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். அதனால்தான் கண்ணை நம்பாமல் அளக்கச் சொல்கிறேன்.

மற்றவை: கட்டமே காணாமல் போயிருப்பது, துண்டு பெயர்ந்து வருகிற அளவுக்கு விரிசல், காலை வைத்தால் ஆடும் கட்டம், அடியில் மண் அரித்துப் பொந்து விழுந்திருப்பது, தண்ணீர் ரோட்டுப் பக்கம் வடியாமல் தேங்குவது. கடைக்காரர்களுக்கு இன்னொன்று, நிலவறைக்குப் போகும் இரும்புக் கதவு. மிதித்தால் ஓர் அங்குலத்துக்கு மேல் அமுங்கினாலோ வழுக்கினாலோ அதுவும் குறை. மயிரிழை விரிசல் ஒன்று மட்டும் ஓடியிருக்கிறது, துண்டு ஆடவில்லை, மேடு பள்ளம் இல்லை என்றால் பதற வேண்டாம், கண்காணித்தால் போதும்.

ஹோம் டிப்போவில் ஒரு மூட்டை சிமெண்ட் வாங்கி விரிசலைப் பூசிவிடலாம் என்று பலருக்கும் தோன்றும். வேண்டாம். மேலோட்டமாகப் பூசிய ஒட்டு வேலையே சட்டப்படி ஒரு குறை. தார் வைத்து அடைப்பதும் அப்படியே. பூசிய இடத்துக்கு இன்ஸ்பெக்டர் தனியாகக் குறிப்பு எழுதுவார். கட்டத்தை முழு ஆழத்துக்கு உடைத்து எடுத்துப் புதிதாகப் போடுவதுதான் ஏற்கப்படும் வழி.

எல்லாக் கட்டத்தையும் தேதி தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து வையுங்கள், ஸ்கேலைப் பக்கத்தில் வைத்து. இது பின்னால் எதற்கெல்லாம் உதவும் என்று போகப் போகத் தெரியும்.

மூன்றாம் படி: எது உங்களுடையது இல்லை என்று பிரியுங்கள்

பணம் மிச்சமாகிற இடம் இது. வாசலில் உள்ள எல்லாமே உங்கள் கணக்கு இல்லை.

ரோட்டோரக் கர்ப் (நடைபாதையின் விளிம்புக் கல்) நடைபாதையில் சேராது, சட்டத்தில் உள்ள வரையறையே அதை வெளியே வைக்கிறது. மூலையில் சக்கர நாற்காலி இறங்கும் சாய்தளமும் நகரத்தின் வேலை. மின்சாரம், எரிவாயு, தொலைபேசிக் கம்பெனிகளின் இரும்பு மூடிகள், கம்பிச் சட்டங்கள் இருந்தால், அந்த மூடியும் அதன் விளிம்பிலிருந்து சுற்றிலும் 12 அங்குலம் வரையுள்ள பகுதியும் அந்தக் கம்பெனியின் பொறுப்பு என்று போக்குவரத்துத் துறை விதி சொல்கிறது. மூடியைச் சுற்றிக் கான்கிரீட் நொறுங்கியிருந்தால் கான்ட்ராக்டரைக் கூப்பிடும் முன் நகரத்தின் உதவி எண்ணான 311இல் புகார் கொடுத்து எண் வாங்குங்கள். மூடியில் பொறித்திருக்கும் எழுத்தைப் பார்த்தால் யாருடையது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும்.

அப்புறம் மரம். குவீன்ஸில் நடைபாதைப் பிரச்சினை என்றாலே பாதிக் கதை மரத்தின் கதைதான். வாசலில் நிற்கும் தெரு மரம் நகரத்துடையது, பூங்காத் துறையின் பராமரிப்பில் இருப்பது. அதன் வேர் கான்கிரீட்டைத் தூக்கிவிட்டால், ஒன்று முதல் மூன்று குடும்ப வீட்டுக்காரர்களுக்கு அந்தத் துறையின் 'மரங்களும் நடைபாதைகளும்' திட்டம் இருக்கிறது. 311 வழியாகப் பதிவு செய்தால் ஆள் வந்து பார்த்து, சேதம் எவ்வளவு மோசம் என்று மதிப்பெண் போட்டு, வரிசையில் வைத்து நகரச் செலவிலேயே சரிசெய்வார்கள். வரிசை நீளமானது, பொறுமை வேண்டும். 2019இல் இன்னொரு நல்ல மாற்றமும் வந்தது. நகர மரத்தால் மட்டுமே சேதமான நடைபாதைக்காக, உரிமையாளர் குடியிருக்கும் ஒன்று முதல் மூன்று குடும்ப வீடுகள் மேல் இனிக் கடன் பிணை (ரிப்பேர் செலவைச் சொத்தின் மேல் கடனாக ஏற்றுவது) போட மாட்டோம் என்று நகர நிர்வாகம் அறிவித்தது. அதனால் உங்கள் நோட்டீஸில் மரத்தால் வந்த சேதம், மற்ற சேதம் என்று எப்படிப் பிரித்திருக்கிறார்கள் என்பதை ஒவ்வொரு கட்டமாகச் சரிபாருங்கள். மரத்துக்கு அடுத்த கட்டத்தை 'மற்றவை' என்று எழுதியிருந்தால் ஆட்சேபம் தெரிவிப்பதில் தப்பே இல்லை.

செய்யக் கூடாதது ஒன்று உண்டு. வேரை நீங்களாகவோ கான்ட்ராக்டரை விட்டோ வெட்டாதீர்கள். பூங்காத் துறையின் அனுமதி இல்லாமல் தெரு மரத்தில் கை வைத்தால் அபராதம் பெரிசாக வரும், வேர் வெட்டிய மரம் காற்றில் சாய்ந்தால் அது வேறு தலைவலி. மரம் நிற்கும் மண் குழியைப் பொறுத்தவரை, அது 7-210 சொல்லும் நடைபாதையில் சேராது என்று மாநில உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 2008இல் ஒரு வழக்கில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. அந்தக் குழியில் கால் இடறினால் பொதுவாகப் பக்கத்து உரிமையாளர் பொறுப்பில்லை. ஆனால் நீங்கள் அழகுக்காகக் கல் அடுக்கி, அதில் யாராவது தடுக்கினால், நீங்களே உண்டாக்கிய குறை என்ற பேச்சு வரும். பூச்செடி வையுங்கள், கல்லை விட்டுவிடுங்கள்.

நான்காம் படி: நோட்டீஸ் வந்தால் முழுசாகப் படியுங்கள்

புகாரின் பேரிலோ வழக்கமான ஆய்விலோ இன்ஸ்பெக்டர் வந்து பார்ப்பார். உங்களைக் கேட்டுக்கொண்டு வர மாட்டார், நடைபாதை பொது இடம்தானே. தபாலில் வரும் நோட்டீஸோடு ஒரு படமும் இருக்கும், எந்தக் கட்டத்தில் என்ன குறை என்று. அதை எடுத்துக்கொண்டு வாசலில் நின்று ஒப்பிட்டுப் பாருங்கள். அளவு தவறாக இருக்கலாம், பக்கத்து வீட்டுக் கட்டம் உங்கள் கணக்கில் சேர்ந்திருக்கலாம்.

இந்த நோட்டீஸுக்கு அபராதம் கிடையாது. ஆனால் அபராதம் இல்லை என்று டிராயரில் போட்டு மூடிவிடக் கூடாது. அதன் நகல் கவுண்டி கிளார்க் அலுவலகத்தில் (நம்ம ஊர் மாவட்டப் பதிவு அலுவலகம் மாதிரி) உங்கள் சொத்தின் மேல் பதிவாகிறது. பின்னால் வீட்டை விற்கும்போதோ கடனை மாற்றும்போதோ பத்திரம் பார்க்கும் கம்பெனி அதை எடுத்து நீட்டும், அவசரத்தில் என்ன விலை கேட்டாலும் கொடுத்து ரிப்பேர் செய்ய வேண்டி வரும்.

நோட்டீஸ் கிடைத்த நாளிலிருந்து 75 நாள் அவகாசம். அதற்குள் மூன்றில் ஒன்றைச் செய்யலாம். ஒத்துக்கொண்டு ரிப்பேர் செய்யலாம். அல்லது மறு ஆய்வு கேட்கலாம், முதலில் வந்தவர் இல்லாமல் வேறொரு இன்ஸ்பெக்டர் வந்து பார்ப்பார். அல்லது ஒன்றும் செய்யாமல் இருக்கலாம். அப்படி இருந்தால் நகரமே தன் கான்ட்ராக்டரை வைத்து வேலையை முடித்துவிட்டு உங்களுக்கு பில் அனுப்ப உரிமை உண்டு. கட்டாவிட்டால் சொத்தின் மேல் கடனாக ஏறும், வட்டியோடு. சிலர் இந்தக் கடைசி வழியே நல்லது என்பார்கள். நகரத்தின் ஆள் போட்டால் தரம் பற்றிக் கேள்வி வராது, அலைச்சலும் இல்லை. உண்மைதான். ஆனால் எப்போது வருவார்கள் என்பது உங்கள் கையில் இல்லை, அதுவரை அந்த மேடு அங்கேயே இருக்கும், யாராவது விழுந்தால் 'இவருக்கு முன்பே எழுத்தில் தெரியும்' என்பதற்கு அந்த நோட்டீஸே சாட்சி. விலக்கு இல்லாத உரிமையாளர் அப்படிக் காத்திருப்பது தேவையில்லாத ஆபத்து என்பது என் கருத்து. பில் தப்பாக வந்தால் நகரக் கணக்குத் தணிக்கையாளர் அலுவலகத்தில் கோரிக்கை வைக்கலாம், நீதிமன்றத்துக்கும் போகலாம். அப்போது இரண்டாம் படியில் எடுத்த போட்டோக்கள் இல்லாவிட்டால் பேச்சு எடுபடாது.

ஐந்தாம் படி: கான்ட்ராக்டரும் பர்மிட்டும்

நோட்டீஸ் பொதுப் பதிவு என்பதால், அது வந்த வேகத்தில் கதவிடுக்கில் கான்ட்ராக்டர் விளம்பரங்களும் வர ஆரம்பிக்கும். 'வயலேஷன் (விதிமீறல் நோட்டீஸ்) எடுத்துத் தருகிறோம்' என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். அவசரப்படாதீர்கள். ஒன்றுக்கு மூன்று பேரிடம் விலை கேளுங்கள், எல்லாரிடமும் நோட்டீஸில் உள்ள படத்தைக் கொடுத்து, அதில் உள்ள கட்டங்களுக்கு மட்டும் சதுர அடிக்கு எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். "மொத்தமா போட்டுடலாம் சார், பார்க்க ஒரே மாதிரி இருக்கும்" என்பவரிடம், மற்ற கட்டங்களில் என்ன குறை என்று காட்டச் சொல்லுங்கள். அக்கம்பக்கத்தில் இன்னும் இரண்டு மூன்று வீட்டுக்கு நோட்டீஸ் வந்திருந்தால் சேர்ந்து ஒரே ஆளைப் பிடியுங்கள். கான்கிரீட் லாரி ஒரு தடவை வந்தால் எல்லாருக்கும் லாபம்.

கான்ட்ராக்டரிடம் மூன்று காகிதம் பார்க்க வேண்டும்: நுகர்வோர் மற்றும் தொழிலாளர் பாதுகாப்புத் துறை கொடுக்கும் வீட்டுச் சீரமைப்பு உரிமம், விபத்து இன்ஷூரன்ஸ், வேலையாட்களுக்கான இன்ஷூரன்ஸ். கடைசி ஒன்று இல்லாமல் அவருடைய ஆள் உங்கள் வாசலில் அடிபட்டால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை.

வேலை தொடங்கும் முன் போக்குவரத்துத் துறையின் நடைபாதை பர்மிட் கட்டாயம். 300 அடி நீளம் வரைக்கும் 70 டாலர்தான், சாதாரண வீட்டுக்கு ஒன்றே போதும். இந்த 70 டாலரை மிச்சப்படுத்தப் பார்க்கும் கான்ட்ராக்டர் கான்கிரீட்டிலும் மிச்சப்படுத்துவார் என்று எடுத்துக்கொள்ளலாம். லேண்ட்மார்க் வட்டாரங்களில், நீலக்கல் பாவிய பழைய நடைபாதை இருக்கும் தெருக்களில், பாரம்பரியப் பாதுகாப்பு ஆணையத்தின் அனுமதியும் தேவைப்படலாம். புரூக்ளினில் பழைய வரிசை வீடு வைத்திருப்பவர்கள் இதை முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

வேலை நடக்கும் அன்று வீட்டில் இருங்கள். பார்க்க வேண்டியது: பழைய கட்டத்தை முழுசாகப் பெயர்த்து எடுக்கிறார்களா, அடியில் 6 அங்குலம் ஜல்லி போட்டு இடித்துக் கெட்டிப்படுத்துகிறார்களா, மேலே கான்கிரீட் 4 அங்குலத்துக்குக் குறையாமல் இருக்கிறதா, ட்ரைவ்வே பகுதியில் 7 அங்குலம் இருக்கிறதா. ட்ரைவ்வேயில் 4 அங்குலம் போட்டு ஏமாற்றுவதுதான் ரொம்பச் சகஜம், ஊற்றிய பிறகு மேலே இருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. ஊற்றுவதற்கு முன் பலகை விளிம்பில் டேப் வைத்து அளந்து ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள், கான்ட்ராக்டர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். கான்கிரீட் விரிய இடம் விடும் விரிவு இணைப்புகள் 20 அடிக்கு ஒன்று வர வேண்டும். சரிவு ரோட்டுப் பக்கம் இருக்க வேண்டும், வீட்டுப் பக்கம் சாய்ந்தால் மழைத் தண்ணீர் நிலவறைக்கு வரும். உறைபனி விழும் நாட்களில் கான்கிரீட் ஊற்ற விடாதீர்கள். புதுக் கான்கிரீட் மேல் முதல் குளிர்காலத்தில் உப்புப் போட்டால் மேல் தோல் உரிந்து வரும், மணல் போடுங்கள்.

முழுப் பணத்தையும் முன்கூட்டியே கொடுக்காதீர்கள். கடைசித் தவணையை அடுத்த படி முடிந்த பிறகு கொடுப்பதாக ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

ஆறாம் படி: நோட்டீஸை நீக்குங்கள்

வேலை முடிந்ததும் நோட்டீஸ் தானாக மறைந்துவிடாது. 311இல் கூப்பிட்டோ போக்குவரத்துத் துறையின் இணையதளத்திலோ நீக்க ஆய்வு கேட்க வேண்டும். இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து எல்லாம் சரி என்றால்தான் கவுண்டி பதிவிலிருந்து எடுப்பார்கள். இதை மறந்தவர்கள் ஏராளம். புத்தம் புது நடைபாதை இருக்கும், காகிதத்தில் பத்து வருஷம் முந்தின குறை அப்படியே நிற்கும். நீக்கியதற்கான காகிதத்தை வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள்.

ஏழாம் படி: பனியும் குப்பையும்

இது வருஷா வருஷம். பனி நின்ற நேரத்தை வைத்துத்தான் கெடு:

- காலை 7 மணி முதல் மாலை 4:49 வரைக்குள் நின்றால், 4 மணி நேரத்துக்குள் தள்ள வேண்டும்.
- மாலை 4:50 முதல் இரவு 8:59 வரை என்றால் 14 மணி நேரம்.
- இரவு 9 முதல் காலை 6:59 வரை என்றால் காலை 11 மணிக்குள்.

முடிந்தவரை 4 அடி அகலத்துக்கு வழி விடுங்கள், குழந்தை வண்டியும் சக்கர நாற்காலியும் போக வேண்டும். தள்ளிய பனியை ரோட்டில் போடுவது சட்டப்படி குற்றம், தீயணைப்புக் குழாயை மூடுவதும்தான். ஐஸ் கல்லாகி ஷவலுக்கு வராவிட்டால் அதே கெடுவுக்குள் மணலோ மரத்தூளோ தூவிவிட்டு, இளகியதும் சுத்தம் செய்யலாம் என்று சட்டமே இடம் கொடுக்கிறது. அபராதம் முதல் தடவை 100 டாலரில் ஆரம்பித்து, திரும்பத் திரும்ப மாட்டினால் 350 வரை போகும்.

டிசம்பரில் குடும்பத்தோடு சென்னைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போகிறவர்கள் கவனிக்க: நீங்கள் மயிலாப்பூரில் மார்கழிக் கச்சேரி கேட்டுக்கொண்டிருந்தாலும் குவீன்ஸில் பனி விழத்தான் செய்யும், கெடுவும் ஓடத்தான் செய்யும். பக்கத்து வீட்டுப் பையனிடமோ பனி தள்ளும் ஆளிடமோ முன்பணம் கொடுத்து, போட்டோ அனுப்பச் சொல்லிவிட்டுப் போங்கள். வாடகைக்காரர் தள்ளட்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதலாம், அது உங்களுக்கும் அவருக்கும் இடையில்தான். விலக்கு இல்லாத சொத்தில் யாராவது வழுக்கி விழுந்தால், வாடகைக்காரரைக் காட்டி உரிமையாளர் தப்ப முடியாது என்று மாநில உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 2019இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. அங்கே குடியில்லாத, கட்டிடத்தையே முழுசாகக் குத்தகைக்கு விட்டுவிட்ட உரிமையாளருக்கும் இதே கதிதான்.

விலக்கு உள்ளவர்களுக்கு ஒரு சின்ன நுணுக்கம். அரைகுறையாகத் தள்ளி, குவித்த பனி உருகி நடைபாதையில் ஓடி ராத்திரி கண்ணாடி ஐஸாக உறைந்து ஒருவர் விழுந்தால், ஆபத்தை நீங்கள் அதிகமாக்கினீர்கள் என்று ஆகிவிடும். அதற்காகத் தள்ளாமல் இருந்துவிட முடியாது, அபராதம் எல்லாருக்கும் பொது. தள்ளினால் ஒழுங்காகத் தள்ளுங்கள், குவியலைத் தண்ணீர் திரும்ப நடைபாதைக்கு வராத பக்கம் வையுங்கள், உப்பைத் தாராளமாகப் போடுங்கள் (புதுக் கான்கிரீட்டுக்கு முதல் குளிர்காலத்தில் மட்டும் மணல்).

குப்பை விஷயம் சுருக்கமானது. நடைபாதையும், கர்ப்பிலிருந்து ரோட்டுக்குள் 18 அங்குலமும் நீங்கள் பெருக்க வேண்டிய இடம். யார் போட்ட குப்பை என்பது கேள்வியே இல்லை.

எட்டாம் படி: யாராவது விழுந்துவிட்டால்

முதலில் மனிதரைப் பாருங்கள், 911 கூப்பிடுங்கள். அப்புறம் அந்த இடத்தைப் போட்டோ எடுங்கள், ஸ்கேலோடு, வானிலை தெரிகிற மாதிரி. 'ஐயோ, சரி செய்யணும்னு நினைச்சுட்டே இருந்தேன்' என்று வாய் தவறிச் சொல்லாதீர்கள். நல்ல மனசில் சொல்வது, நீதிமன்றத்தில் வேறு மாதிரி கேட்கும். அன்றைக்கே இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவியுங்கள், தாமதம் ஆனால் அதையே காரணம் காட்டிக் கைவிரிக்கப் பார்ப்பார்கள். வழக்குப் போட அவருக்கு மூன்று வருஷம் அவகாசம் இருக்கிறது, அதனால் ஆறு மாதம் ஒன்றும் வரவில்லை என்று போட்டோக்களை அழித்துவிடாதீர்கள்.

அரை அங்குலத்துக்குக் குறைவாக இருந்தால் தப்பித்தோம் என்றும் இல்லை, கூடுதலாக இருந்தால் தோற்றோம் என்றும் இல்லை. அந்த அளவு நகர ஆய்வுக்கானது. நஷ்ட ஈட்டு வழக்கில் இத்தனை அங்குலம் என்ற கோடு கிடையாது என்று 1997இலேயே மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வெளிச்சம், இடம், விளிம்பின் வடிவம், நேரம் எல்லாம் சேர்த்துத்தான் பார்ப்பார்கள்.

விலக்கு இல்லாத சொத்துக்குப் பொறுப்பு இன்ஷூரன்ஸ் வைத்திருக்க வேண்டும் என்று 7-211ஆம் பிரிவு சொல்கிறது. வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுக் குடிபோகிறவர்கள் பழைய ஹோம் ஓனர் பாலிசியை அப்படியே ஓட்டுவதைப் பார்த்திருக்கிறேன். நீங்கள் குடியிருப்பதாக எழுதிய பாலிசி அது. குடிபெயரும் வாரமே ஏஜெண்டிடம் சொல்லி மாற்றுங்கள்.

நீங்களே வேறு எங்காவது விழுந்து, பொறுப்பு நகரத்துடையது என்று தோன்றினால் கணக்கு தலைகீழ். 90 நாளுக்குள் நகரத்துக்கு எழுத்தில் கோரிக்கை அறிவிப்புக் கொடுத்தாக வேண்டும்.

நியூஜெர்சியில் இருப்பவர்களுக்கு

அங்கே நீதிமன்றத் தீர்ப்புகள் போட்ட பாதை வேறு. 1981இல் மாநில உச்ச நீதிமன்றம் வணிகச் சொத்துக்காரர்கள் நடைபாதையைப் பராமரிக்கத் தவறினால் விழுந்தவருக்குப் பொறுப்பு என்றது. குடியிருக்கும் வீட்டுக்காரர்களுக்கு அந்தப் பொறுப்பு பொதுவாக இல்லை. 2024இல், கட்டிடம் எதுவும் இல்லாமல் சும்மா கிடக்கும் வணிகக் காலி மனைக்கும் இது பொருந்தும் என்று அதே நீதிமன்றம் நீட்டித்தது. 'எப்போதாவது கடை கட்டலாம்' என்று மனை வாங்கிப் போட்டிருப்பவர்கள் நடைபாதையை ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். பனி தள்ளுவதற்கும் ரிப்பேருக்கும் ஒவ்வொரு டவுனுக்கும் தனி விதி, தனி அபராதம். உங்கள் நகராட்சி அலுவலகத்தில் கேட்டால் விதியின் நகல் கிடைக்கும், கூடவே மரத்துக்கு யார் பொறுப்பு என்பதையும் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.